காத்திருக்கும் பிள்ளையும் வாக்குக் காக்கும் பெரியோரும்

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது எமது வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. உலை கொதித்து, அரிசி வெந்து, கஞ்சி வடிக்கும் வரை பொறுத்திருந்தவன் கடைசி ஐந்து நிமிடம் பொறுக்க மாட்டாமல் வாயைச் சுட்டுக்கொள்கிறான். இந்தச் சிறிய விடயத்தை ஒரு பரிசோதனையாக்கி, அதன் பின்னால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வந்தவர்கள் உளவியல் அறிஞர்கள்.

பெற்றோருக்குப் பயன்படக்கூடியதாக, மேல்நாட்டு அறிஞர்களின் சிந்தனைகளைத் தழுவி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். பத்து அறிஞர்களைப் பற்றிப் பத்துப் பந்தி எழுதலாம். வாசித்து முடித்ததும் பத்தும் மறந்துபோகும். அதிலும் பார்க்க ஒரேயொரு ஆராய்ச்சியை எடுத்து, அது தொடங்கிய இடத்திலிருந்து இன்று வந்து நிற்கும் இடம் வரை சொல்வதே நல்லதென எனக்குப் பட்டது. மனிதன் எவ்வாறு சிந்திக்கிறான், விஞ்ஞானம் தன்னைத்தானே எவ்வாறு திருத்திக்கொள்கிறது, உறவில் நம்பிக்கை என்ன வேலை செய்கிறது, ஒருவர் தம்மை எவ்வாறு வளர்த்துக்கொள்ளலாம் என்ற நான்கும் இந்த ஒன்றுக்குள்ளேயே கிடக்கின்றன.

வோல்ரர் மிஷல் என்பவர் 1930 ஆம் ஆண்டு ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938 இல் ஹிட்லரின் படை அந்நாட்டினுள் புகுந்தபோது அவருக்கு வயது எட்டு. வசதியாக வாழ்ந்த குடும்பம் எல்லாவற்றையும் விட்டு அமெரிக்காவுக்கு ஓடியது. நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் சில்லறைச் சாமான் விற்கும் ஒரு கடை வைத்துப் பிழைத்தது. இடம்பெயர்தல் என்றால் என்னவென்று எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, இம்மனிதரை எனக்கு அந்நியராக நினைக்கத் தோன்றுவதில்லை.

படித்து உளவியலாளரான பின், 1950களில் இவர் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான திரினிடாட்டின் தென்பகுதிக் கிராமம் ஒன்றுக்குச் சென்றார். அங்கே ஆபிரிக்க வம்சாவளியினரும், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியரின் வம்சாவளியினரும் பக்கத்துப் பக்கத்தே வாழ்ந்தனர். இந்திய வம்சத்தார், “அவர்கள் இன்று கிடைப்பதை இன்றே செலவழிப்பவர்கள்” என்றனர். ஆபிரிக்க வம்சத்தாரோ, “இவர்கள் காசை மெத்தைக்குக் கீழே ஒளித்துவிட்டு வாழ்க்கையை அனுபவிக்கத் தெரியாதவர்கள்” என்றனர். எந்த ஊரிலும் அயலவனைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பு ஆயத்தமாக இருக்கும் போலும்.

மிஷல் இரு பகுதிப் பிள்ளைகளையும் பாடசாலையிற் சந்தித்து, “இந்தச் சிறிய இனிப்பை இப்போதே எடுக்கலாம், அல்லது ஒரு கிழமை பொறுத்தால் இந்தப் பெரிய இனிப்புத் தருவேன்” என்றார். சிறியது ஒரு சதப் பெறுமதி, பெரியது பத்துச் சதப் பெறுமதி. மேலோட்டமாகப் பார்த்தபோது இரு பகுதியாருக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால், வீட்டில் தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்பதையும் சேர்த்துப் பார்த்தபோது வேறொன்று வெளிப்பட்டது. தகப்பன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் சிறியதை உடனே எடுத்தனர். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் அடுத்த கிழமை வருவார் என்று அப்பிள்ளைகள் ஏன் நம்ப வேண்டும்? சொன்ன சொல்லோடு திரும்பி வந்த ஆண்களை அவர்கள் அதிகம் கண்டதில்லை. இது 1958 இல் வெளியான ஆய்வு. இதனை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டுகிறேன். ஏனெனில், உலகம் இதனை மறந்துவிட்டுப் பின்னால் வந்த ஒன்றையே பிடித்துக்கொண்டது.

பின்னால் வந்தது இது. 1960களின் பிற்பகுதியில் மிஷல் கலிபோர்னியாவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தார். பல்கலைக்கழக வளவிலேயே பிங் பாலர் பாடசாலை என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையாக ஒரு சிறு அறைக்குள் அழைத்துச் சென்று மேசையில் இனிப்பை வைப்பார்கள். சிலருக்கு பிஸ்கற், சிலருக்கு மாஷ்மலோ எனப்படும் பஞ்சு போன்ற வெள்ளை இனிப்பு. “நான் வெளியே போய் வருகிறேன். திரும்பி வருமட்டும் பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும். பொறுக்க முடியாவிட்டால் இந்த மணியை அடி, உடனே வருவேன். ஆனால் ஒன்றுதான் கிடைக்கும்.” இவ்வளவுதான் பரிசோதனை. 1968 முதல் 1974 வரை ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்த மேசையின் முன் இருந்தனர்.

கண்ணைப் பொத்திக்கொண்ட பிள்ளை உண்டு. கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்த பிள்ளை உண்டு. தன்பாட்டில் பாட்டுப் பாடியது ஒன்று, மேசையில் தலை வைத்து நித்திரை கொள்ளப் பார்த்தது இன்னொன்று.

மிஷல் அறிய விரும்பியது எந்தப் பிள்ளை கெட்டி, எந்தப் பிள்ளை மக்கு என்பதன்று. பொறுக்கும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதையே அவர் தேடினார். 1970 இல் வெளியான ஆய்வில், இனிப்புகள் இரண்டும் கண்முன்னே இருந்தபோது பிள்ளைகள் சராசரியாக ஒரு நிமிடமளவிலேயே தோற்றுப்போயினர். கண்ணுக்குத் தெரியாமல் வைத்தபோது அதே வயதுப் பிள்ளைகள் சராசரியாக 11 நிமிடத்துக்கு மேல் பொறுத்தனர். பின்னர் இனிப்பைக் கண்முன்னே வைத்துக்கொண்டே, “இது நிசமான இனிப்பு அன்று, ஒரு படம் என்று நினைத்துக்கொள், மனதுக்குள் அதைச் சுற்றிச் சட்டம் போடு” என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் பொறுக்க மாட்டாத வயதுப் பிள்ளைகள் அப்போது நெடுநேரம் பொறுத்தனர். படத்தைத் தின்ன முடியாது அல்லவா! மாறாக, அதன் இனிப்பையும் மென்மையையும் நினைக்கச் சொன்னால் உடனே மணி அடித்துவிடும்.

இதிலிருந்து அறிஞர்கள் பெற்ற முடிவு இது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவது பொறுமையன்று. கவனத்தை எங்கே வைப்பது என்று தெரிந்திருப்பதே பொறுமை. அது பழக்கினால் வரும் ஒரு கைவினை. எமது பாட்டிமார் பலகாரப் பெட்டியைப் பரணில் தூக்கி வைத்ததும் இந்த அறிவினாலேயே.

அத்துடன் விடயம் முடிந்திருந்தால் இந்த ஆய்வு நூலகத்திலேயே கிடந்திருக்கும். மிஷலின் புதல்வியர் மூவரும் அதே பாலர் பாடசாலையில் படித்தவர்கள். அவர்கள் வளர்ந்து வந்த காலத்தில், “உங்கள் பழைய சிநேகிதர் எப்படிப் படிக்கிறார்கள்?” என்று தகப்பன் இடைக்கிடை விசாரிப்பார். கூடநேரம் பொறுத்த பிள்ளைகளே வகுப்பிலும் நன்றாகச் செய்வது போல் ஒரு சாடை தெரிந்தது. முறைப்படி விசாரணைப் படிவங்கள் அனுப்பி 1990 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல்கலைக்கழக அனுமதிக்காக அமெரிக்க மாணவர் எழுதும் எஸ்.ஏ.ரி. பரீட்சையில் கூடநேரம் பொறுத்த பிள்ளைகள் கூடிய புள்ளி பெற்றிருந்தனர். 1995 இல் டானியல் கோல்மன் என்பவர் உணர்ச்சி நுண்ணறிவு பற்றி எழுதிய நூல் உலகெங்கும் விற்பனையானது. அதில் இந்தப் பரிசோதனையும் இடம்பெறவே, கதை காட்டுத் தீயாகப் பரவியது. ஐந்து வயதில் இனிப்பைத் தின்னாத பிள்ளை வாழ்க்கையில் வெல்லும். தின்ற பிள்ளை தோற்கும். பெற்றோர் வீட்டு மேசையில் இனிப்பை வைத்துத் தம் பிள்ளைகளைச் சோதிக்கத் தொடங்கினர்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க எழுதுவினைஞனாக இருந்தவன். கணக்காய்வு அலுவலர் வந்தால் கூட்டுத்தொகையை முதலிற் பார்க்க மாட்டார், வவுச்சரைத்தான் கேட்பார். கூட்டுத்தொகை எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வவுச்சர் இருக்க வேண்டும். விஞ்ஞானத்திலும் அந்த வழக்கம் உண்டு என்பதே அதன் பெருமை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் திரும்பச் செய்து பார்ப்பார்.

இந்தக் கதையின் வவுச்சர்களைப் பார்த்தால், ஐந்நூறு பிள்ளைகளில் பரீட்சைப் புள்ளி கிடைத்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. அத்துடன் அந்தப் பாடசாலைக்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த, படித்த குடும்பத்துப் பிள்ளைகள். இவ்வளவை வைத்துக்கொண்டு உலகத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் சாதகம் எழுதலாமா? மிஷல் தாமே 1990 ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவதானம் தேவை என்று எழுதியிருந்தார். அந்தப் பகுதியை எவரும் பரப்பவில்லை.

2018 ஆம் ஆண்டு ரைலர் வற்ஸ், கிறெக் டங்கன், ஹாவோநான் குவான் ஆகிய மூவர், தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளின் தரவுகளை எடுத்து ஆராய்ந்தனர். இவர்களில் படித்த, படியாத, வசதியுள்ள, வசதியற்ற எல்லாக் குடும்பத்தாரும் இருந்தனர். நான்கரை வயதிற் பொறுத்த நேரத்துக்கும் 15 வயதிற் பெற்ற பெறுபேற்றுக்கும் தொடர்பு இருந்தது உண்மை. ஆனால் அது முதல் ஆய்விற் கண்டதன் பாதியளவே. குடும்பத்தின் நிலை, வீட்டுச் சூழல், பிள்ளையின் ஆரம்ப அறிவுத்திறன் ஆகியவற்றையும் கணக்கிற் சேர்த்தபோது அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோயிற்று. 2020 இல், பிங் பாலர் பாடசாலையின் பழைய மாணவர்கள் நாற்பது வயதைக் கடந்த பின் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்த ஆய்வும் வெளியானது. அன்று பொறுத்த நேரத்தை மட்டும் வைத்து இன்றைய செல்வத்தையோ வாழ்க்கை நிலையையோ முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அந்த ஆய்வைத் திட்டமிட்டவர்களில் மிஷலும் ஒருவர். முடிவு அச்சாகும் முன்பே, 2018 செப்ரெம்பரில், அவர் காலமாகிவிட்டார். தம் பெயரை உலகறியச் செய்த ஒன்றைத் தாமே மறுபடி சோதிக்கச் சம்மதித்து உழைத்தவர் என்பதற்காகவே அம்மனிதரை நான் மதிக்கிறேன்.

அப்படியானால் மேசையில் வைத்த இனிப்பு எதனைத்தான் அளந்தது? இதற்கு எனக்குப் பிடித்த விடை நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது.

செலஸ்ற் கிட் என்ற பெண்மணி மாணவியாக வருமுன் வீடற்ற குடும்பங்கள் தங்கும் விடுதி ஒன்றிற் தொண்டு செய்தவர். அங்குள்ள பிள்ளைகளின் கையில் ஒரு பொருள் கிடைத்தால் அடுத்த நிமிடம் அதை இன்னொருவர் பறித்துவிடலாம். இந்தப் பிள்ளைகள் மாஷ்மலோவைக் கண்டால் உடனே தின்பார்கள், அதில் தவறும் இல்லை என்று அவருக்குப் பட்டது. 2013 இல் தம் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வில் அவர் செய்தது இது. 28 சிறு பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். படம் வரைவதற்கென்று பழைய, தேய்ந்த வர்ணக் குச்சிகளைக் கொடுத்து, “சற்றுப் பொறுத்தால் புதியவை கொண்டுவருவேன்” என்று ஆராய்ச்சியாளர் வெளியே போனார். முதற் கூட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தட்டு நிறையப் புதியவை வந்தன. இரண்டாங் கூட்டத்தாரிடம் வெறுங்கையுடன் திரும்பி வந்து, “மன்னித்துக்கொள், எங்களிடம் இல்லை; இருப்பதைப் பாவி” என்றார். ஒட்டுப் படங்களை வைத்து இதே நாடகம் இன்னொரு தடவை நடந்தது. அதன் பின்பே மாஷ்மலோ மேசைக்கு வந்தது.

வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தனர். 14 பேரில் 9 பேர் 15 நிமிடமும் முழுதாகப் பொறுத்து இரண்டாவதையும் பெற்றனர். ஏமாற்றப்பட்ட பிள்ளைகளின் சராசரி 3 நிமிடம். 14 பேரில் ஒரேயொரு பிள்ளைதான் முழு நேரமும் பொறுத்தது.

இரு கூட்டத்துப் பிள்ளைகளும் ஒரே வகையான பிள்ளைகள். அரை மணித்தியாலத்துக்கு முன் அவர்களிடையே வித்தியாசம் எதுவும் இல்லை. இடையில் நடந்தது ஒன்றுதான்: ஒரு பெரிய ஆள் இரண்டு தடவை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அல்லது காப்பாற்றவில்லை. திரினிடாட் கிராமத்தில் மிஷல் ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன் கண்டதும் இதையே.

இதை எமது ஊர்ச் சங்கதியிற் சொல்வதானால் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். சீட்டுப் பிடிப்பவர் மாதந்தோறும் ஒழுங்காகக் காசைக் கொடுத்து வந்தால் ஊரார் இருபது மாதமும் பொறுமையாகக் கட்டுவர். கடைசிச் சீட்டு வரை காத்திருப்போரும் உளர். அவர் ஒரு தடவை கையை விரித்துவிட்டால், மறு வருடம் ஒரு சதமும் எவரும் கட்டார். அதற்காக இந்த ஊராருக்குப் பொறுமைக் குணம் கிடையாது என்று எவரேனும் சொல்வார்களா? ஏமாறாமல் இருக்கத் தெரிந்தவர்கள் என்றுதான் சொல்வார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் வேறு கணக்கு எதற்கு?

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய சனங்களில் எத்தனையோ தாய்மார், “இரண்டு நாளில் திரும்பி வந்துவிடலாம்” என்று சொல்லிப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களை வீட்டிலேயே வைத்துப் பூட்டினர். அது பொய்யன்று, அவர்களும் அதனை நம்பினர். ஆயினும் பிள்ளைக்கு அது நிறைவேறாத வாக்கு. வரிசையில் நின்று தன் முறை வரும்போது சாமான் முடிந்துபோவதை 2009 வரையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று இளைஞர்களாக, தாய் தகப்பன்மாராக எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கையிற் கிடைத்த சம்பளத்தை அன்றே செலவழித்தால், “அவனுக்குப் பொறுப்பில்லை, உருப்பட மாட்டான்” என்று தேநீர்க் கடையிலிருந்தபடி தீர்ப்பெழுதுவது எளிது. அந்தத் தீர்ப்பை வாசிக்கும் முன் வவுச்சரைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

வளர்ப்பு முறையும் இதில் பெரும் பங்கு கொள்கிறது. மேற்கு ஆபிரிக்காவை அடுத்த கமரூன் நாட்டில் இன்ஸோ என்ற கமக்காரச் சமூகம் உண்டு. அவர்களின் நான்கு வயதுப் பிள்ளைகளையும் ஜேர்மனியின் நகர்ப்புறப் பிள்ளைகளையும் இதே முறையிற் சோதித்த ஆய்வு 2018 இல் வெளியானது. இன்ஸோப் பிள்ளைகளுக்கு வைத்தது எமது போண்டாவைப் போல எண்ணெயிற் பொரித்த ஓர் உருண்டைப் பலகாரம். அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பேர் இறுதிவரை பொறுத்தனர். சிலர் ஆறுதலாக நித்திரையாகியும் போயினர்! ஜேர்மன் பிள்ளைகளில் இறுதிவரை பொறுத்தவர்கள் நூற்றுக்கு 28 பேரளவில். செல்வத்தை வைத்துப் பார்த்தால் மறுபுறமாக அல்லவா இருக்க வேண்டும்?

இன்னொன்று 2022 இல் வந்தது. ஜப்பான், அமெரிக்கப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு. உணவுப் பண்டத்துக்காகக் காத்திருப்பதில் ஜப்பானியப் பிள்ளைகள் கெட்டிக்காரர். ஆனால் கடதாசியிற் சுற்றிய பரிசுப் பொதியை வைத்தபோது நிலைமை தலைகீழாயிற்று; அமெரிக்கப் பிள்ளைகள் நெடுநேரம் பொறுத்தனர். ஜப்பானியப் பிள்ளைகள் பரிசுக்குப் பொறுத்ததிலும் மூன்று மடங்கு நேரம் உணவுக்குப் பொறுத்தனர். அமெரிக்கப் பிள்ளைகள் உணவுக்குப் பொறுத்ததிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பரிசுக்குப் பொறுத்தனர். காரணம் விளங்காததன்று. ஜப்பானிய வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி முடியும் வரை எவரும் உணவிற் கை வைப்பதில்லை. அமெரிக்க வீட்டில் நத்தார் மரத்தின் கீழே பரிசுப் பொதி நாட்கணக்கில் இருக்கும். அந்த நாள் வரும் வரை பிரிப்பதில்லை. எதற்குப் பழக்கினார்களோ அதற்குப் பொறுக்கத் தெரிகிறது.

எமது பிள்ளைகளையும் இந்த மேசை முன் இருத்தினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பொங்கல் பானையைச் சுற்றி விடியற்புறம் முதல் நின்றும், படைத்துத் தீபம் காட்டி முடியும் வரை ஒரு கசுக்கொட்டையைக் கூட எடுக்காத பிள்ளைகளே வீட்டில் ரிமோட்டுக்கு அடிபடுகிறார்கள். ஒரே பிள்ளைதான். பொறுமை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே பிழை. எந்த இடத்தில் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்பதே கேட்க வேண்டியது. மிஷல் 1968 இல் எழுதிய, அக்காலத்திற் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய நூலின் சாரமும் இதுவே. ஒருவருடைய நடத்தை அவரது குணத்திலிருந்து மட்டுமன்றி, அவர் நிற்கும் இடத்திலிருந்தும் பிறக்கிறது என்று அதில் வாதிட்டார்.

இதைக் கேட்டு மறுபக்கம் சாய்ந்து, சுயகட்டுப்பாடு ஒன்றும் பெரிதில்லை என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73 இற் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பல பதிற்றாண்டுகளாகப் பின்தொடர்ந்து வரும் ஆய்வு ஒன்று உள்ளது. 3 வயது முதல் 11 வயது வரை பெற்றோர், ஆசிரியர், அவதானிகள் எனப் பலர் பல தடவை கூறியவற்றைச் சேர்த்து ஒவ்வொரு பிள்ளையினதும் சுயகட்டுப்பாட்டை அவர்கள் மதிப்பிட்டனர். சுயகட்டுப்பாடு கூடிய பிள்ளைகள் 32 வயதில் உடல்நலத்திலும் பணவிடயத்திலும் நல்ல நிலையில் இருந்தனர் என்று 2011 இல் அறிவித்தனர். எட்டு வருட அவதானிப்பு ஒரு பக்கம், பதினைந்து நிமிட இனிப்புச் சோதனை இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

வளர்ந்தவர்களுக்கும் இதிற் பாடம் உண்டா என்று கேட்டால், மிஷலின் சொந்த வாழ்க்கையிலேயே உண்டு. பொறுமையை ஆராய்ந்த அந்தப் பேராசிரியர் ஒரு காலத்தில் நாளுக்கு மூன்று பெட்டி சிகரற் பிடித்தவர். போதாததற்கு பைப்பும் பிடிப்பார். தீமை தெரியாமல் அல்ல. ஒருநாள் ஸ்ரான்போர்ட் மருத்துவமனை நடைபாதையில், நுரையீரற் புற்றுநோய் முற்றிய ஒருவரைத் தள்ளுகட்டிலிற் கொண்டுபோவதைக் கண்டார். கதிர்ச் சிகிச்சைக்காக அவரது நெஞ்சில் பச்சை நிறத்தில் புள்ளடி இடப்பட்டிருந்தது. அன்று முதல் சிகரற் ஆசை எழும்போதெல்லாம் அந்தப் புள்ளடியை வலிந்து நினைவுக்குக் கொண்டுவந்தார். அப்படியே விட்டொழித்தார். பிள்ளைகளுக்கு இனிப்பைப் படமாக நினைக்கச் சொல்லிக் கொடுத்த அதே வித்தைதான். கிட்டக் கிடக்கும் ஆசையை மனதிற் தூரத்துக்கு அனுப்புவது, தூரத்தில் இருக்கும் தீங்கைக் கிட்டக் கொண்டுவருவது.

பீற்றர் கொல்விற்சர் என்ற ஜேர்மன் உளவியலாளர் சொல்லித் தந்த இன்னொரு வழியும் உண்டு. “இனிக் கோபப்பட மாட்டேன்” என்று பொதுவாகத் தீர்மானிப்பதிற் பயன் குறைவு. “இன்னது நடந்தால் இன்னது செய்வேன்” என்று இடத்தையும் செயலையும் சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும். ‘மகன் பெறுபேற்றுத் தாளை நீட்டினால், முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பேன், பிறகே புள்ளியைப் பார்ப்பேன்’ என்பது போல. தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வரும் வாரத்திற் சில வீடுகளில் இது உதவும்.

அந்தப் பரீட்சையை ஒட்டியே வாக்குகளும் ஏராளமாக வழங்கப்படுகின்றன. “பாஸ் பண்ணு, சைக்கிள் வாங்கித் தாறன்.” பிள்ளை ஒரு வருடம் ரியூசனுக்கு ஓடிப் படித்து வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறது. சைக்கிள் அடுத்த வருடத்துக்குப் போகிறது. பிறகு சாதாரண தரத்துக்குப் போகிறது. வாங்க முடியாதென்றால் அதனை முன்பே சொல்லிவிடலாம், அல்லது வாங்கக்கூடிய சிறியதொன்றைச் சொல்லலாம். ரொச்செஸ்ரரில் பிள்ளைகளின் பொறுமையைக் கூட்டியது விலையுயர்ந்த பொருளன்று. ஒரு தட்டு வர்ணக் குச்சிகளும் சில ஒட்டுப் படங்களும், சொன்னபடி வந்தன, அவ்வளவே.

சென்ற வருடத் தேர்த் திருவிழாவில் அன்னதான மடத்துக்கு முன் சிறுவர்கள் முண்டியடித்தது பற்றிப் பரிபாலன சபைக் கூட்டத்திற் பேச்சு எழுந்தது. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கிடையாது” என்று ஓர் அன்பர் கவலைப்பட்டார். பந்தியில் பல வருடமாகப் பரிமாறி வரும் தம்பி ஒருவர் எழும்பி, “பின்னால நிண்ட பிள்ளையளுக்கு இரண்டு வருசமாப் பாயசம் கிடைக்கேல்லை ஐயா. பிறகு எப்பிடிப் பொறுத்து நிப்பினம்?” என்றார். சபையில் அதற்குப் பின் ஒழுக்கம் பற்றிய பேச்சு நடக்கவில்லை. கிடாரம் பற்றிய பேச்சே நடந்தது.

அதன்படி இவ்வருடம் சிறுவருக்கே முதற் பந்தி. அவர்களுக்கென ஒரு கிடாரம் பாயசம் புறம்பாக ஒதுக்கப்படும். வசந்த மண்டபப் பூசை முடிந்ததும் மடத்து வாசலில் இலக்கமிட்ட துண்டுகள் வழங்கப்படும். துண்டு வைத்திருக்கும் பிள்ளை தேர் இருப்புக்கு வந்த பின்னர் வந்து நீட்டினாலும் பாயசம் உண்டு. இதற்கான பொறுப்பு இளைஞர் மன்றத்தினரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. கடைசித் துண்டு வந்து சேரும் வரை அக்கிடாரத்தை மடத்துக்கு வெளியே கொண்டுசெல்வதில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. பெற்றோர் இதனைத் தம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பார்களாக.